வராத இரண்டாயிரத்து நானூறு

அந்த மார்ச் மாதம் ஏரியிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் என் அலுவலகக் கண்ணாடிக் கதவு வரை வந்து நின்றுவிட்டது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், ஏரிக்கரைத் துறைமுகமான டுலூத்தில் இது புதிதில்லை. 2021இல் வந்த மனிதர்களும் அந்த மூட்டத்தையே தலைக்குள் சுமந்து வந்ததுதான் புதிது.

வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தாறு வருடங்களில் கேட்காத ஒரு கேள்வியை அந்த வருடம் எல்லோரிடமும் கேட்க வேண்டியிருந்தது. "போன வருஷம் அரசாங்கம் கொடுத்த கொரோனா நிவாரணப் பணம் உங்களுக்கு வந்துச்சா?" யாருக்கும் சரியாக நினைவில்லை. ஒரு பெண் காசோலை வந்த உறையைக் குப்பைத் தபால் என்று கிழித்துப் போட்டதாகச் சொன்னாள், உடனே அது கனவாகவும் இருக்கலாம் என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பணம் வந்த அந்தப் போன வருட ஏப்ரலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலருகே நின்றதைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

சந்தேகமே இல்லாமல் பதில் சொன்ன ஒரே ஆள் வெர்ன் லாட்டினென். துறைமுகத்தில் இரும்புத் தாதுக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி ஓய்வு பெற்றவர். மனைவி மார்லிஸுடன் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ டார்லீன். எங்களுக்கு வரவே இல்ல. ஜனவரியில வந்த ரெண்டாவது பணம் வந்துச்சு. முதல்ல கொடுத்தாங்களே, ஆளுக்கு ஆயிரத்து இருநூறு டாலர், அதுல ஒரு காசு வரல. ஊருக்கெல்லாம் கொடுத்தானுங்க, என்னை மட்டும் செத்துட்டான்னு நினைச்சிட்டானுங்க."

"பேக்கரிக்குப் போனாலும் இவருக்கு ஒரு வருஷமா இதே பேச்சுதான்," என்றாள் மார்லிஸ் கதவைப் பார்த்தபடி.

"வராட்டி இந்த ரிட்டர்ன்ல கேட்டு வாங்கிக்கலாம்," என்றேன். "வந்திருந்தாலும் பயம் இல்ல. அது வருமானம் கிடையாது, வரி கிடையாது, உங்க ரீஃபண்டுல கழிக்கவும் மாட்டாங்க. ஆனா வந்ததை வரலைன்னு எழுதினா உங்க ரீஃபண்டு மொத்தமும் வரி ஆபீஸ்ல நின்னுடும். மாசக்கணக்கா நிக்கும்."

அவர்களுக்கு அந்தப் பணம் நிற்கக் கூடாது. வீட்டுக் கூரை பனிக்கட்டியில் விரிசல் விட்டு படுக்கையறையில் ஒழுகியது. கொரோனா வந்து நுரையீரல் இன்னும் தேறாத வெர்ன் அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில்தான் தினமும் படுத்தார். ரீஃபண்ட் வந்தால்தான் கூரைக்காரன் ஏணியை எடுப்பான்.

"போன ஏப்ரல்ல நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"ஏரியில," என்றார் வெர்ன். பத்தொன்பது நாள் செயற்கைச் சுவாசக் குழாயோடு மருத்துவமனையில் மயங்கிக் கிடந்ததை அவர் அப்படித்தான் சொல்வார். "உறைஞ்ச ஏரிமேல என் மீன்பிடிக் குடிசையில உக்காந்திருந்தேன். பனிக்கட்டியில போட்ட துளைக்குக் கீழ வெளிச்சம். அடியில ஒரு தெரு, விளக்கெல்லாம் எரியுது. தூண்டில இறக்கிட்டே இருந்தேன், கயிறு முடியவே இல்ல. குளிரவும் இல்ல. சத்தியமா சொல்றேன், திரும்பி வர மனசே இல்ல."

மார்லிஸ் அந்தப் பத்தொன்பது நாளும் மருத்துவமனைக்குள் போக முடியாமல் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தவள்.

கணவன் மனைவி சேர்ந்து கொடுக்கும் கணக்கில் இருவரும் கையெழுத்திட வேண்டும், எழுதியதெல்லாம் உண்மை என்று. நான் எப்போதும் மனைவியிடம்தான் முதலில் காகிதத்தை நீட்டுவேன். கணவர்கள் படிக்காமலே போட்டுவிடுவார்கள். மார்லிஸ் பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"வந்துச்சு," என்றாள்.

"எது?"

"பணம். ஏப்ரல்லயே பேங்க்ல வந்து விழுந்துச்சு. ரெண்டாயிரத்து நானூறும்."

வெர்ன் என்னைப் பார்த்தார், தப்பு என்னுடையது என்பதுபோல. "அப்புறம் ஏன் வரலைன்னு சொன்ன? ஒரு வருஷமா நான் கத்திட்டுத் திரியறேன். செனட்டருக்கு லெட்டர் போட்டேன்டி."

"மூணு லெட்டர். தபால்ல போட்டதே நான்தான்."

"எங்க பணம்?"

"டாக்டர் ஃபோன் பண்ணாரு. மனச தயார் பண்ணிக்கோங்கன்னு சொன்னாரு. மறுநாள் இந்தப் பணம் வந்துச்சு. என்கிட்ட வேற இல்ல. மேட்டுல இருக்கற கல்லறைத் தோட்டத்துல இடம் வாங்கினேன், வெர்ன். அப்புறம் பார்த்தா நீ எழுந்து உக்காந்து காபி கேக்கற. உன்கிட்ட நான் என்னன்னு சொல்றது, உனக்குக் குழி வாங்கி வெச்சிருக்கேன்னா?"

வெளியே ஒரு கப்பல் ஊதியது. கப்பல் தெரியவில்லை. வெர்ன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடத்தில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு இந்த மேசையில் கல்யாணங்கள் முறிந்திருக்கின்றன.

"ஒரு இடம் அவ்வளவு ஆகாதே," என்றார் கடைசியில்.

"ரெண்டு வாங்கினேன்."

"ரெண்டா?"

"உனக்கு மட்டும் வாங்க மனசு வரல."

வெர்ன் மெதுவாகக் கேட்டார், "எனக்கு எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஏரிப் பக்கம். நீ எப்பவும் படுக்கற பக்கம்தான்."

வெர்ன் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வந்துடுச்சுன்னு எழுதிடு, டார்லீன்," என்றார்.