பின்னால் எத்தனை பேர்

லோர்னா ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் கேட்டார்.

"பின்னால எத்தன பேர்?"

மூன்று நாளாக இதே கேள்விதான். வீட்டில் இருப்பவர்களைக் கேட்கிறார் என்று நினைத்து அத்தை, பாதிரியார், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்று எண்ணி எண்ணிச் சொல்லிப் பார்த்தாள். அப்பா ஆர்விட் எரிச்சலோடு தலையை அசைப்பார். மூச்சு இழுக்கும், ஆனால் நிற்காது. எதற்கோ உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றாள் நர்ஸ். தேவாலயத்துப் பெண்களுக்குத்தான் பொறுமையில்லை. மனிதர் போவதற்குள் சாவு வீட்டுக்கான உருளைக்கிழங்குப் பதார்த்தம் நான்கு பாத்திரம் சமையலறைக்கு வந்துவிட்டது.

மதியம் அயோவா மாநிலத்திலிருந்து டட்டில் காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆர்விட் ஓட்டிய குண்டுவீச்சு விமானத்தில் பின்சீட்டுத் துப்பாக்கிக்காரர். லோர்னாதான் போன் செய்து வரவழைத்திருந்தாள். அப்பாவின் கேள்வியைச் சொன்னதும் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சமையலறையில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

அன்று ஆர்விட்டின் பின்னால் ஆறு விமானங்கள். ஐந்தில் இருந்தவர்கள் அதுவரை ஒரு கப்பல்மீதும் குண்டு போட்டறியாத பிள்ளைகள். ஜப்பானியக் கப்பலுக்கு மேலே வந்தபோது ஆர்விட்டின் இறக்கையில் வேகத்தடைத் தகடுகள் விரியவில்லை. அவை விரியாமல் தலைகுப்புற இறங்கினால், திரும்ப மேலே தூக்க முடிவது சந்தேகம். அடுத்தவனிடம் தலைமையைக் கொடுத்துவிட்டு விலகியிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, தன் வாலை மட்டும் பார்த்துக்கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் ரேடியோவில் சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பாய்ந்தார். முதலில் இறங்குபவனுக்குத்தான் கீழேயுள்ள பீரங்கி அத்தனையும். குண்டு கப்பலின் மேல்தளத்தில் விழுந்தது. கடலை உரசுகிற உயரத்தில் விமானத்தை நிமிர்த்தியதும் அவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

"நாலுன்னு சொன்னேன். மத்த ரெண்டையும் தேடித் திரும்பிட்டாரு. பீரங்கிக்கு நடுவுல ரெண்டு சுத்து. மூணாவதுக்குத் திருப்புறப்ப எனக்குப் பயம் தாங்கல. ஆறும் வந்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

"அந்த ரெண்டும் விழுந்ததப் பாத்தீங்களா?"

"ஒண்ணப் பாத்தேன்."

தங்கள் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய பிறகுதான் ஆர்விட்டுக்கு உண்மை தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. போர் முடியும்வரை டட்டிலோடுதான் பறந்தார். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அதன்பின் கேட்கவே இல்லை, கழுத்தைத் திருப்பித் தானே பார்த்துக்கொண்டார். அதற்குப் பதில் தன்னை நாலு அறை விட்டிருக்கலாம் என்றார் டட்டில்.

லோர்னா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"ஆறுன்னே சொல்லிடுங்க. அவரு நிம்மதியாப் போகட்டும்."

"அந்தப் பொய்ய ரெண்டாந்தரம் சொல்ல மாட்டேம்மா."

"எங்கப்பா கஷ்டப்படுறாரு. உங்க மனசாட்சிக்கு இதுவா நேரம்?"

டட்டில் கதவைத் திறந்துகொண்டு அப்பாவின் அறைக்குள் போனார். நாற்காலியை இழுத்துக் கட்டிலின் தலைமாட்டில் போட்டு, ஆர்விட்டுக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். விமானத்தில் அவர்கள் அப்படித்தான், முதுகுக்கு முதுகு. லோர்னாவுக்கு அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டட்டில்." மூன்று நாளில் அவர் சொன்ன முதல் பெயர். "பின்னால எத்தன பேர்?"

"நாலு, சார்" என்றார் டட்டில். "அன்னிக்கும் நாலுதான்."

ஆர்விட்டின் விரல்கள் போர்வையை இறுக்கின. லோர்னா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப இன்னொரு சுத்து போலாமா?"

"போலாம், சார். நான் பாத்துக்கிட்டே வரேன்."

நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது. இழுத்துக்கொண்டிருந்த மூச்சு சீரானது, பிறகு இடைவெளி விட்டு விட்டு வந்தது.

"இன்னும் யாரும் தெரியல, சார்" என்றார் டட்டில், கொஞ்ச நேரம் கழித்து.

லோர்னாவின் கைக்குள் நாடி அடங்கியிருந்தது. டட்டில் திரும்பவில்லை. அறுத்து முடித்த சோளக்காட்டுக்கு மேல் வானத்தை இடமிருந்து வலமாகத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை.