இலவசம் அல்ல

என் வீட்டுக்காரர் பாக்கியரத்தினம் ஒரு சொல்லுக்காக மூன்று மாதம் சண்டை பிடித்தவர். சண்டை என்னோடு மட்டும்தான், கேட்பதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

பாலையூற்றில் எங்கள் முன்னறையில் மூன்று கணினிகளை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 2007ஆம் ஆண்டு. ஊரில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இராணுவச் சோதனை நடந்த நேரம் அதிகம். அப்போதுதான் பாடசாலைகளுக்கான ஒரு மென்பொருள் அவர் கைக்கு வந்தது. மாணவர் பெயர், வரவு, புள்ளி எல்லாவற்றையும் தமிழில் பதியலாம். கூடவே ஆங்கிலத்தில் ஓர் உரிமப் பத்திரமும் இருந்தது. யாரும் இதை ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்; வாங்குகிறவருக்கும் இதே உரிமைகள் போய்ச் சேர வேண்டும். இவர் அதைத் தமிழாக்க உட்கார்ந்தார். முதல் வரியிலேயே ‘ஃப்ரீ’ என்ற சொல் குறுக்கே நின்றது.

“இலவசம் எண்டு போடுங்கோவன்” என்றேன்.

“இதைக் காசுக்கு விக்கவும் ஏலும், அதைப் பற்றிக் கதையில்லை. வாங்கினவன்ர கையைக் கட்டக் கூடாது, அதுதான் கதை. இலவசம் எண்டால் பிச்சை மாதிரிக் கிடக்கு.”

“அப்ப சுதந்திரம்?”

“அது பெப்ரவரி நாலாந் திகதி கொடியேத்துற சொல்.”

கடைசியில் ‘விடுதலை மென்பொருள்’ என்று வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் தாதி, ஊருக்கு மிஸி. அந்தச் சொல்லை யாருடைய காது எப்படிக் கேட்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டுறியள்” என்றேன். அகராதியை விரித்துக் காட்டினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரோடு எவ்வளவு நேரம்தான் கதைப்பது? விட்டுவிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்னையே ஏசிக்கொள்கிறேன்.

அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர். கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கிற கலீலுர் றஹ்மான். அந்த மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. ‘ஸ’, ‘ஹ’ எழுத்துகள் வந்தால் வெறும் பெட்டிகளைக் காட்டும். ஸஹாப்தீன் என்று பதிந்தால் இரண்டு பெட்டிகளும் மிச்சமுள்ள வாலும்தான் வரும். கிண்ணியாப் பாடசாலையில் அந்த எழுத்துகள் இல்லாமல் ஒரு வகுப்புப் பட்டியல் போட முடியுமா? விலைக்கு வாங்கிய, பூட்டி வந்த மென்பொருள் என்றால் கொழும்புக்குக் கடிதம் எழுதிவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கலீல் மாஸ்டர் தானே உள்ளே திறந்து மூன்று கிழமையில் திருத்திவிட்டார். ஸஹாப்தீன் முழுசாக வந்த அன்று, நாற்பது வயது தாண்டிய இரண்டு ஆண்களும் என் முன்னறையில் நின்று கைதட்டினார்கள்.

திருத்தியதையும் பகிர வேண்டும் அல்லவா. இருபது இறுவட்டுகளில், அதுதான் சீடிகளில், படியெடுத்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் இவர் தன் அழகான கையெழுத்தில் ‘விடுதலை மென்பொருள். பகிருங்கள், மாற்றுங்கள், பரப்புங்கள்’ என்று எழுதினார். கலீல் மாஸ்டர் அவற்றை மற்றப் பாடசாலைகளுக்குக் கொடுப்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாப் படகுக்குப் போனார். படகுத்துறைச் சோதனையில் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவன் இருந்திருக்கிறான். அவனுக்கு முதல் சொல்லே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் மாஸ்டரின் மனைவி நஜ்முன் நிஸா வந்தாள். “உங்கட வீட்டுச் சீடியாலதான் இவரைப் பிடிச்சிருக்காங்க, மிஸி” என்றாள். சத்தம் போட்டு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள்தான் முகாமுக்குள் விட்டார்கள். சிங்களம் தெரியும் என்பதால் இவரோடும் நஜ்முன் நிஸாவோடும் நானும் போனேன். மேசையில் இருபது இறுவட்டுகளும் அடுக்கியிருந்தன. அதிகாரி இளம் வயது, மரியாதையான ஆள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று சிங்களத்தில் விளக்கினேன்.

“ஓ, நிதஹஸ் மென்பொருள். என் தம்பியிடமும் இருக்கிறது” என்றார்.

நிதஹஸ் என்றாலும் விடுதலைதான். இவருக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். “அப்ப இதில என்ன பிழை எண்டு கேளும்” என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி யோசித்தார். “காசு கொடுக்காமல் எடுக்கலாமா?”

“ஓம்” என்றேன்.

“அப்படியானால் இது இலவசம். எழுதிய சொல் பிழை, இலவசம் என்ற அர்த்தம் மட்டும்தான் என்று உங்கள் கணவர் எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.”

சொன்னேன். இவர் வெள்ளைத்தாளைப் பார்த்தார். விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாரோ என்று பேனையை எடுத்து அவர் கையில் வைத்தேன். குனிந்து எழுதினார். ‘இது என் பிழை. இலவசம் என்பதே சரி.’ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவரை நான் மனதார மெச்சினேன்.

கலீல் மாஸ்டரைக் கொண்டுவந்து விட்டார்கள். இடது காது வீங்கிக் கருத்திருந்தது. ஓட்டோவில் முன்னுக்குச் சாரதிக்குப் பக்கத்தில் நான் ஒடுங்கிக்கொண்டேன். பின்னால் ஒரு பக்கம் நஜ்முன் நிஸா, நடுவில் மாஸ்டர், அவருக்கு இடப்பக்கம் என் கணவர்.

“என்ன சொல்லி என்னை எடுத்தீங்க, மிஸி?”

“இலவசம் எண்டு இவர் எழுதிக் குடுத்தவர்.”

மாஸ்டர் வீங்கிய காதைத் தடவினார். பிறகு, “முதல் நாளே கேட்டாங்க” என்றார். “தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, இது இலவசந்தானே, ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போ எண்டார். நான் இல்லை எண்டன். இலவசம் வேற, இது வேற, வாங்குறவனுக்கும் உரிமை இருக்கு எண்டு மூணு நாளும் விளங்கப்படுத்தினன். சொல்லச் சொல்ல அடிச்சாங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கணக்குச் செய்து காட்டுகிறவரைப் போல என் கணவர் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னது சரிதானே?”

“சரிதான்” என்றார் இவர்.

அந்தப் பக்கக் காது மாஸ்டருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார்.