கேட்காரரின் ஐந்து நிமிடம்

ரயில்வே கேட்டை மூடுகிறவரை வாழ்த்திவிட்டுப் போகிறவர்கள் குறைவு. இந்தக் கேட்காரருக்கும் இருபது வருடமாகக் கிடைத்ததெல்லாம் முறைப்பும் முணுமுணுப்பும்தான். பால்வண்டியோ பள்ளிக்கூட வண்டியோ, நேரமானால் அவருடைய கம்பி இறங்கிவிடும். "ரயிலோட தலையே இன்னும் தெரியலையேப்பா!" என்று கத்துவார்கள். அவர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பார். வண்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கேட் மூடியிருக்க வேண்டும் என்பது வேலையின் விதி. அந்த விதி அவர் கையிலேயே ஊறிவிட்டது. எட்டு மணி வண்டி என்றால் எட்டு ஆவதற்கு முன்பே அந்தக் கை தானாகச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிக்கும்.

அதனால்தான் மருந்துக்கடைக்காரர் அவரைத் தேடி வந்தார்.

மருந்துக்கடைக்காரர் அந்தச் சிறிய ஊரில் இரண்டாவது வருடமாக மாரத்தான் நடத்துகிறார். வாய்க்கால் கரைமேல் போகும் மண்பாதைதான் ஓடுதளம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் ஏற்றமும் இறக்கமும் இல்லாத நேர்கோடு. கடைசி மதகு வரை ஓடி, அங்கே வைத்திருக்கும் சிவப்புக் கூம்பைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். போக வர நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

"காலையில எட்டு மணிக்குள்ள மதகைத் திரும்பாதவங்க நம்பரைக் கழட்டிக் கொடுத்துட்டு வேன்ல ஏறிடணும். போன வருஷம் பாவம் பார்த்து விட்டுட்டோம். வெயில்ல ரெண்டு பேர் சுருண்டு விழுந்துட்டாங்க. கண்டிப்பான ஆள் வேணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் வீட்டுக்காரியும் ஓடறாளே."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். அப்புறம் ஞாபகம் வந்துது. சொந்த மாமனார் ரயிலைப் பிடிக்க ஓடி வந்தப்பவே கேட்டை மூடி, அந்த ரயிலையே அவர் கோட்டை விடும்படி பண்ணினவர் இல்லையா நீங்க?"

கேட்காரர் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் மார்பு ஒரு விரற்கடை விரிந்தது.

அவர் மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடை ஒரு நாள் ஓட்டமாகிவிட்டது. கரையில் துணி துவைக்கிறவர்கள், "என்னக்கா, யாரு துரத்துறாங்க?" என்று கேட்பார்கள். "வயசு துரத்துது. நீயும் எழுந்து ஓடு, உன்னைப் பிடிச்சிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விடுவாள்.

ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் துணிகளைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். வெள்ளைத் துணியில் நீல நூல். சென்ற வருடம் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு வேனில் ஏற்றப்பட்டாள். ஊருக்குள் வேன் நுழைந்தபோது ஓடி வந்தவர்களுக்கு எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த நம்பர் துணியால் மெஷினில் வழிந்த எண்ணெயைத் துடைத்தாள். பிறகு ஒரு வருடம் முழுக்க அதுதான் மெஷின் துடைக்கும் துணி. கேட்காரர் ஒருமுறை வேறு துணி எடுத்துக் கொடுத்தார்.

"இருக்கட்டுங்க. இந்த வருஷ நம்பர் சுவத்துல தொங்கணும். அதுவரைக்கும் இது கண்ணு முன்னாடியே கிடக்கட்டும்" என்றாள்.

ஓட்ட நாளன்று கேட்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு, பச்சைக் கொடியும் கையுமாக மதகுக்குப் போய்விட்டார். அங்கே துணைக்கு நர்ஸம்மா, தைலமும் பிளாஸ்திரியும் வைத்த மேசையோடு இருந்தார். கீழே சாலையில் வேன் நின்றது. அதன் டிரைவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேன் கரைமேல் ஏறாது. அந்தப் பாதை காலுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்.

விடியும் முன் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கேட்காரர் ரயிலுக்கு ஆட்டுவதுபோலவே கொடியை ஆட்டினார். ஒருவன், "ஸ்டேஷன்ல நிக்கலாமா, போயிட்டே இருக்கலாமா?" என்றான். "போயிட்டே இரு, பின்னாடி எக்ஸ்பிரஸ் வருது" என்றார். தன்னைத் திட்டாத மனிதர்கள் இத்தனை பேரை ஒரே காலையில் அவர் பார்த்ததே இல்லை.

பிறகு பாதை காலியானது. சமதளமான பாதையில் அதுதான் தொல்லை. வளைவு, மேடு ஏதாவது இருந்தால் வருகிறவரை மறைத்தாவது வைக்கும். இங்கே ஆள் ஒரு புள்ளியாகத் தெரிய ஆரம்பித்து, எத்தனை நேரம் பார்த்தாலும் புள்ளியாகவே இருப்பார்.

ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. கடைசிப் புள்ளி. யாருடையது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த நீலச் சட்டையின் தோளை அவள் மூன்று முறை பிரித்துத் தைத்தது அவர் கண் முன்னால்தான்.

கடிகாரத்தைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். 'கடவுளே, அவ காலுக்குக் கொஞ்சம் பலம் கொடு' என்று வேண்டிக்கொண்டார். அடுத்த நிமிடமே இன்னொரு பயம் வந்தது. ஒரு நொடி தாமதித்தாலும், பொண்டாட்டி வந்ததும் கேட் தானாகத் திறந்துகொண்டது என்று ஊர் சொல்லும். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கை தானாக நீண்டது. கூம்பைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"மூடியாச்சு" என்றார்.

நர்ஸம்மா கடிகாரம் பார்க்கவில்லை. மூடுகிற விஷயத்தில் இவர் சொன்னதற்குமேல் என்ன இருக்கிறது? பிளாஸ்திரிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். கேட்காரரும் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேட்டை மூடிய பிறகு வழியைப் பார்ப்பதுதான் அவர் பழக்கம்.

தையற்காரி வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் உப்பு. கூம்பு இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டேம்மா."

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்து நர்ஸம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கெஞ்சவில்லை. ஊக்குகளைக் கழற்றி, தான் தைத்த நம்பரைத் தானே மடித்து, ஊக்குகளை அதிலேயே குத்தி அவர் கையில் வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அந்த ஈர வட்டத்தைச் சுற்றி வந்து, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"வேன் கீழே நிக்குது" என்றார் கேட்காரர்.

"வேன்ல ஏத்தறதுக்கு நான் என்ன துணி மூட்டையா? நம்பர்தான் உங்களோடது. பாதை எல்லாருக்கும் பொது. நான் ஓடியே வீட்டுக்குப் போறேன். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

ஓடிவிட்டாள்.

கேட்காரர் நிமிர்ந்துதான் நின்றார். தவறு செய்யவில்லை என்ற நிமிர்வு அது. அப்போதுதான் வயல்களுக்கு அந்தப் பக்கமிருந்து நூற்பாலைச் சங்கு ஊதியது. ஆலைச் சங்கு எட்டு மணிக்கு ஊதும். பல வருடமாக அது ஒரு நாளும் முந்தியதில்லை, பிந்தியதில்லை.

"இதென்ன, இப்பத்தான் எட்டா?" என்றார் நர்ஸம்மா.

கேட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கூம்பைப் பார்த்தார். நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டார்.

"ரயில் ஞாபகத்துல மூடிட்டேன் நர்ஸம்மா! அஞ்சு நிமிஷம் முன்னாடியே மூடிட்டேன்!"

நேர்மையாக இருப்பது வேறு, நேர்மையானவன் என்று காட்டிக்கொள்ளும் பதற்றம் வேறு. முதலாவது நின்று நிதானமாகக் கடிகாரம் பார்க்கும். கடவுள் சில சமயம் ஆலைச் சங்கு வழியாகவும் இதைச் சொல்லிக் கொடுப்பார்.

"போன் போட்டுச் சொல்லுங்களேன்!" என்றார் நர்ஸம்மா.

"ஓடறவ போன் வெச்சிருப்பாளா? மெஷின் மேல கிடக்கும்" என்றவர், நம்பர் துணியை ஒரு கையிலும் பச்சைக் கொடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் ஓடியதில்லை. முதலில் தூரம் குறைந்தது. "இந்தாம்மா! நில்லு!" என்று கத்தினார். எதிர்க்காற்று அதை அவர் வாய்க்குள்ளேயே திருப்பிப் போட்டது. கொடியை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும்போது பின்னால் பார்ப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. சமதளத்தில் திரும்பிப் பார்த்தால், ஒன்றுமே கடக்காததுபோல் தெரிந்து மனசு விட்டுப்போகும் என்பாள்.

சற்றுத் தூரத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது நீலச் சட்டை இன்னும் தள்ளிப் போயிருந்தது. மறுபடி ஓடினார். மறுபடி நின்றார். அவள் எட்டவே இல்லை.

இருட்டோடு கிளம்பி, இருபத்தோரு கிலோமீட்டர் ஓடி, நம்பரையும் இழந்துவிட்டுப் போகிறவளை, இப்போதுதான் ஓட ஆரம்பித்த தன்னால் பிடிக்க முடியவில்லை. அந்த மூச்சிரைப்புக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. 'என்னமா ஓடறா!' என்று வாய்விட்டே சொன்னார். கேட்பதற்கு வாய்க்கால்தான் இருந்தது.

நல்லவேளையாக அடுத்த தண்ணீர் மேசையில் ரொட்டிக்கடைத் தம்பி இருந்தான். சாமான்களைக் கட்டிவிட்டவன், கடைசியாக வருகிற அக்காவுக்கென்று ஒரு டம்ளரை மட்டும் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"அக்கா, இத்தனை நாளா வயசுதான் துரத்துதுன்னீங்க. இப்ப நிஜமாவே ஒருத்தர் துரத்திட்டு வர்றாரே" என்றான்.

அவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கொடி தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது.

வந்து சேர்ந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச வாயைத் திறந்தார், இரைப்புதான் வந்தது. தனக்கென்று இருந்த தண்ணீரை அவள் அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் பேசலாம்."

"எட்டுக்கு முன்னாடியே... மூடிட்டேன். நீ... நேரத்துக்குத்தான் வந்தே. தப்பு என்னோடது."

நம்பரை நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கப்பாவுக்குப் பண்ணினதை எனக்கும் பண்ணிட்டீங்களா?"

"திட்டு. நல்லா திட்டு."

"திட்டறதுக்கு நேரமில்ல. சீக்கிரம் ஊக்கைக் குத்துங்க. எனக்குக் கை வழுக்குது." அவர் குத்தி முடித்ததும் கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "ஒரு நிமிஷம் எனக்காகத் திறந்து வெச்சிருந்தீங்கன்னா, அந்த பாரத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். இது பரவாயில்ல. தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தீங்க பாருங்க, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு!"

அவள் போனாள். தம்பி கேட்காரரைத் தன் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டான். அவளைக் கடந்தபோது, "டிக்கெட் எடுத்தாச்சா மாமா?" என்று கேட்டு மணியடித்தான். அடுத்த மேசைகளில் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டம்ளர் தண்ணீர், தூசி விழாமல் மேலே ஓர் இலை, பறக்காமல் அதன்மேல் ஒரு கல். ஓரிடத்தில் ஒரு வாழைப்பழமும் இருந்தது. ஒருவருக்கொருவர் பேசிவைத்துச் செய்ததல்ல. கடைசி ஆள் இன்னும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்குள் பந்தலடியில் கேட்காரர் நேராக ஒலிபெருக்கிக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் காதில் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைக்கை வாங்கி, எல்லோரும் கேட்கும்படி, "மதகுல நான் நேரத்துக்கு முன்னாடியே மூடிட்டேன். கடைசியா வர்றவங்க சரியான நேரத்துக்குத்தான் திரும்பினாங்க. அது என் மனைவிங்கறதால சொல்லலை. நர்ஸம்மாவைக் கேட்டுக்குங்க" என்றார்.

பால்காரர்தான் முதலில் கத்தினார்: "நீங்க சீக்கிரம் மூடறீங்கன்னு இருபது வருஷமா சொல்றேனே, இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மருந்துக்கடைக்காரர் முடிவுக்கோட்டுக் கயிற்றை எடுத்து வந்து கேட்காரர் கையிலேயே கொடுத்தார். பதினொன்றரை ஆனதும் அதைக் குறுக்கே கட்டிவிட வேண்டும். "இதையும் நீங்களே மூடுங்க. ஆனா சங்கு ஊதினப்புறம்" என்றார். ஆலையில் அடுத்த சங்கு, சாப்பாட்டுச் சங்கு, பதினொன்றரைக்குத்தான்.

கேட்காரர் கயிற்றோடு நின்றார். பாதையின் முனையில் நீலப் புள்ளி தெரிந்தது. சங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது கை பழக்கதோஷத்தில் அசைந்தது. மறுகையால் அதை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பால்காரர் பக்கத்தில் வந்து, "நான் வேணும்னா பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

வேலை வாழ்க்கையில் அவர் யாருக்கும் கொடுக்காத அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் தையற்காரி வந்தாள். கால் ஒரு பக்கம் இழுத்தது. தலை மட்டும் நேராக இருந்தது. நெஞ்சில் நீல நூல் நம்பர். ஜனங்கள் இரு பக்கமும் எழுந்து நின்று தட்டினார்கள். சென்ற வருடம் அவள் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்ட அதே கைதட்டல். கோட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"என்னங்க, கேட் திறந்திருக்கா?"

"திறந்திருக்கும்மா. வா."

தாண்டினாள். சங்கு அதற்குப் பிறகு ஊதியது. "இனிமே மெஷின் துடைக்க என்ன பண்ணுவே?" என்று அவர் கேட்க, "அதான் உங்க கொடி கந்தலாயிருக்கே" என்றாள்.

மறுநாள் காலை அவள் தைத்த சீருடைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். படி இறங்குவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் கேட்டை நெருங்கும்போது கம்பி இறங்கிவிட்டது. ரயிலைக் காணோம்.

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அலுத்துக்கொண்டார். "நேத்துதான் மைக்குல தப்புன்னு சொன்னாரு. இன்னைக்கும் அதே கதைதான். நீங்களாவது சொல்லித் திறக்கச் சொல்லுங்கக்கா."

தையற்காரி மூட்டையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் புதுப் பச்சைக் கொடியோடு, அவளைப் பார்க்காமல், தண்டவாளத்தையே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து மனுஷங்க வந்தாங்க. இன்னைக்கு வர்றது ரயிலு" என்றாள். "பேசாம நில்லுங்க."