இரண்டாவது புள்ளி

தங்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதால் பிரின்சி சனிக்கிழமையே சொந்த ஊரான தோணிரேவுக்கு வந்துவிட்டாள். ஞாயிறு பகல், சர்ச் முடிந்து பந்தியில் இலை போடும் நேரத்தில், சென்னை ஆய்வகத்திலிருந்து கூடப் படிக்கும் தேவதர்ஷினி போன் செய்தாள்.

"ரெண்டும் ஒத்து வரவே மாட்டேங்குது பிரின்சி. நாலு மணிக்கு மெஷினை அடுத்த குரூப்புக்கு விடணும். வைரத்தக் கழட்டிடவா?"

"கழட்டாத. இரு."

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். வெயிலைப் பார்த்துவிட்டு அப்பா பிராங்க்ளின் குடையோடு பின்னாலேயே வந்தார்.

அந்த வைரத் துண்டைச் செதுக்கியவள் பிரின்சிதான். முடியைவிட மெல்லிய இரண்டு நாக்குகள் அதில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குறை: கரி அணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிலிக்கன் அணு. லேசர் பட்டால் அந்தப் புள்ளி சிவப்பாக ஒளிரும். குவாண்டம் கருவிக்கு இரண்டு புள்ளிகளும் இம்மி பிசகாமல் ஒரே சிவப்பாக இருக்கவேண்டும். தானாக அப்படி அமையாது. மின்னழுத்தம் கொடுத்து நாக்கை வளைத்தால் நிறம் கொஞ்சம் நகரும்.

"மொதலாவத முடிஞ்சமட்டும் வளைச்சாச்சு. இன்னும் பாதி தூரம் பாக்கி. மேல போனா ஒடைஞ்சிடும்," என்றாள் தேவதர்ஷினி.

"ரெண்டாவத வளைக்கலாம்."

"அதுவும் அதே பக்கம் நகர்ந்தா? இடைவெளிதான் கூடும்."

"நகராது. அது வைரத்துக்குள்ள வேற திசையில உக்காந்திருக்கு. செவ்வாய்க்கிழமை நானே அளந்தேன். எதிர்ப்பக்கமா வரும்."

"சார் வேணாம்னாரு."

"சார்கிட்ட நான் பேசிக்கிறேன். கன்ட்ரோல எனக்கு விடு."

"இன்னாம்மா, வைரம் ஒடைஞ்சிடுமா?" என்றார் பிராங்க்ளின்.

"ஒடையாது நைனா. கொடைய இப்படிப் பிடி, ஸ்கிரீன் தெரியல."

திரையில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒரு கோடாகத் தெரிந்தது. பத்துப் பத்து வோல்ட்டாக ஏற்றினாள். நாற்பதுவரை ஒன்றுமில்லை. ஐம்பதில் இரண்டாவது கோடு அசைந்தது. முதல் கோட்டை நோக்கித்தான். போனில் தேவதர்ஷினி கத்தியதில் பிராங்க்ளினே திடுக்கிட்டார். நூற்றுப் பன்னிரண்டில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"அப்படியே வெச்சி, நாலு மணிவரைக்கும் அளந்துட்டே இரு," என்றாள் பிரின்சி.

மூன்றரைக்குப் பேராசிரியரே கூப்பிட்டார். "ரெண்டாவத வளைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"தோணல சார், அளந்தேன். அடுத்த மாசம் மெஷின் எனக்கு ஒரு வாரம் வேணும். மூணு புள்ளிய ஒத்து வைக்கப் போறேன்."

"எடுத்துக்கோ," என்றார் பேராசிரியர்.