ஜன்னலைத் திறந்து வைத்தவள்

இறந்துபோன புருஷன் நெரேயோவின் கறுப்புச் சட்டைக் காலருக்கு வில்மா மூன்றாம் தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ஆள் வந்து வாங்கிப்போவான். ஒன்றரைக்குக் கொசாலா கல்லறையில் அடக்கம்.

சமையலறை மேசையில் பெப்போ உட்கார்ந்திருந்தான். நாற்பது வருஷமாக நெரேயோவுக்கு டிரம்ஸ் அடித்தவன். முன்னால் வைத்த காபி ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் வைத்த சாராயம் மட்டும் இரண்டு தடவை காலியாகியிருந்தது.

"ஒரே ஒரு பாட்டுதான் வில்மா. ரெண்டரைக்கு அடுத்த அடக்கம் இருக்காம். நாலு நிமிஷம்னு கறாரா சொல்லிட்டாங்க."

"ஒண்ணும் வேணாம்."

"பாடகனோட அடக்கத்துல பாட்டு இல்லன்னா ரியேக்கா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எதைப் பாடுவ, சொல்லு."

பெப்போ பிடரியைச் சொறிந்தான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"ஒப்பாட்டியா ஹோட்டல்ல இத்தாலியப் பாட்டா பாடிக்கிட்டிருந்தானே, அது அங்க தட்டு எடுத்தவளுக்கு. அப்புறம் தலையெல்லாம் சிலுப்பிக்கிட்டு, தகரத்தைத் தட்டற மாதிரி ராக்குன்னு கத்தினீங்களே, அது அந்த ஓவியக் கல்லூரிக்காரிக்கு. சாக்ரெப்ல கோட்டு மாட்டிக்கிட்டு முனகினதெல்லாம் பியானோக்காரிக்கு. கடைசியா, எனக்கு முன்னால இருந்த டொலோரஸ். இதுல எனக்குன்னு எது? நான் என்ன வீட்டுக்குக் காவலா வந்தவளா?"

"உன்னைக் கட்டினப்புறம்தானே தம்புரா மீட்டற நாட்டுப்புறக்காரங்களோட பாடினான், கிளாப்பா கோரஸ் கோஷ்டியில பாடினான்..."

"எல்லாம் அடுத்தவன் எழுதின பாட்டு! முப்பத்தி மூணு வருஷத்துல அவனே எழுதிப் பாடினது ஒண்ணே ஒண்ணு. பற்பசை விளம்பரம்."

அதையும் அவள் தயவில்தான் பாடினான். வில்மா பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவள். பூலா நகரத்தில் மேடையிலிருந்து விழுந்து அவன் முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டபோது புதுப் பல் செய்து கொடுத்தது அவள்தான். அந்தப் பல் இல்லாமல் அவன் வாயில் ஒரு 'ஸ' ஒழுங்காக வந்திருக்காது. இதை எந்தப் பேட்டியிலாவது சொன்னானா? சொல்லவில்லை.

"சந்தோஷமா இருக்கிறவனுக்கு எழுத வராது வில்மா."

"இந்தச் சமாதானமெல்லாம் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

பெப்போ சாராயக் கிளாஸை மறுபடி நிரப்பினான். பிறகு அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அதையே சொன்னான்.

"'ஜன்னலை'ப் பாடிடலாம். தம்புராக்காரனுக்கும் அது தெரியும், கிளாப்பாக்காரனுக்கும் தெரியும். கால்பந்து மைதானத்துல ஊரே பாடுது."

மலையிலிருந்து இறங்கும் பூராக் குளிர்காற்று வீசும் ராத்திரியில் இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு ஈரத் தலையோடு தூங்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு. 'நீ தூங்கு, நான் குளிரில் விழித்திருக்கிறேன்' என்று அவன் இழுக்கும் இடத்தில் ஊரில் இருக்கும் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வில்மாவுக்கு வயிறு எரியும். வீட்டுக்குள் குறுக்குக் காற்று புகுந்தாலே அவளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டு மாதத்திலும் ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறப்பாள். ஆகவே அது அவளில்லை.

"அதை மட்டும் பாடின, உன் டிரம்ஸ் குச்சியைக் குழிக்குள்ள போட்டுடுவேன். நீங்க பாடுவீங்க, அந்த டொலோரஸ் தலையைக் குனிஞ்சு நிப்பா, ஊரே போய் அவ கையைப் பிடிச்சுக்கும். புருஷனைப் புதைக்கிறது நான், துக்கம் வாங்கிக்கிறது அவளா?"

பெப்போ அவள் முகத்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். மிச்சச் சாராயத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

பகலில் பூராக் காற்று பலமாகத்தான் அடித்தது. கொசாலாவில் கூட்டம் நாலு பிரிவாக நின்றது. தொப்பை தள்ளிய, ராக் காலத்துத் தோல் ஜாக்கெட்டுகள் ஒரு பக்கம். இடுப்பில் சிவப்புத் துணி சுற்றிய கிளாப்பாக்காரர்கள் ஒரு பக்கம். பூவேலை செய்த அரைச்சட்டையோடு தம்புராக்காரர்கள். பியானோ காலத்து ஆட்கள் நல்ல கோட்டோடு தனியாக நின்றார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. நெரேயோ எங்கள் ஆள் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

மண்டபத்தில் வில்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வரிசையாகக் கை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் சாப்பிட்டுவிட்டு, ஒரு செருப்பைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்தவன். அவள் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டான். அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து வரிசை விலகி வழிவிட்டது. டொலோரஸ்.

வயசு அறுபத்தைந்து. மெலிந்துதான் இருந்தாள், சனியன். மலர்வளையத்தை வைத்துவிட்டு வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள்.

வில்மா அவள் கையைப் பிடித்தாள், விடவில்லை. "உங்க பாட்டு இன்னைக்குக் கிடையாது. நான்தான் வேணாம்னுட்டேன்."

"என் பாட்டா? எது?"

"ஜன்னல்."

டொலோரஸ் அவளையே பார்த்தாள். "அது உங்க பாட்டு இல்லையா?"

"எனக்கு எப்படி? அவனை முதல் தடவை பார்த்த அன்னைக்கே மேடையில அதைத்தான் பாடிக்கிட்டிருந்தான்."

"நான் அவனை விட்டுப் போய் ஒரு வருஷம் கழிச்சு வந்த பாட்டு அது. ரேடியோல கேட்டதும் ஆஹா, புதுசா ஒருத்தி வந்துட்டான்னு நெனச்சேன். அப்புறம் உங்களைக் கட்டினான். சரி, இவதான்னு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கும் கடையில அந்தப் பாட்டைப் போட்டா கூடையை அப்படியே வச்சுட்டு வெளிய வந்துடுவேன்."

"ஈரத் தலையோட, ரெண்டு ஜன்னலையும் திறந்து போட்டுட்டு..."

"நானா? பாருங்க." டொலோரஸ் கோட்டுக் காலரை விலக்கிக் காட்டினாள். கம்பளிக் கழுத்துத்துணி, அதற்குள்ளே இன்னொன்று. "நான் காருக்குள்ளயே கண்ணாடியை இறக்க மாட்டேன்."

"அப்போ அவ யாரு?" என்றாள் வில்மா. பின்னால் வரிசை நின்றுபோயிருந்தது. யாரோ இருமினார்கள்.

குழியருகில் பாதிரியார் ஜெபத்தை முடித்ததும், தலை குனிந்து நின்ற பெப்போவின் முழங்கையை வில்மா பிடித்து இழுத்தாள்.

"பாடுங்க."

"எதை?"

"ஜன்னலைத்தான். எல்லாரையும் பாடச் சொல்லு. பொம்பளைங்க ஒருத்தி விடாம பாடணும்."

"வில்மா, காலையில நீதானே..."

"காலையில சொன்னது காலையோட போச்சு. ரெண்டு தடவை பாடு. மெதுவா பாடு."

பெப்போ தோல் ஜாக்கெட்டுகளைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் கிளாப்பா கீழ்ச்சுரத்தில் சேர்ந்தது, பிறகு தம்புராக்காரர்கள், பிறகு நல்ல கோட்டுக்காரர்களும். காற்றையும் மீறிக் கேட்டது. ஆண்களே அழுதார்கள்.

வில்மா நகர்ந்து டொலோரஸ் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் பாடவில்லை.

"இடது பக்கம் நீங்க பாருங்க," என்றாள் வில்மா, உதடு அசையாமல். "வலது பக்கத்தை நான் பார்க்கிறேன்."

டொலோரஸ் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டாள்.