கோவிலுக்குக் கடைக்கால் போட்ட நாள்

சிங்கம்புணரிக்குக் கிழக்கே ஒரு சேரியில் கிறிஸ்து வேதத்துக்கு மாறிய பதினொரு வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன. காலரா கண்ட வருஷம், அவர்களுடைய கோவிலால்தான் ஊர்த் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று யாரோ கிளப்பிவிட, பட்டப்பகலில் அதன் கூரைக்குத் தீ வைத்தார்கள். கைக்கு அகப்பட்டதைச் சுமந்துகொண்டு பதினொரு குடும்பமும் காரைக்குடிக்கு ஓடியது.

அந்தக் கோவிலின் மண்சுவரை எழுப்பியவன் ராக்காயியின் புருஷன் பெத்தன். செக்காலைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பெரிய வீடுகளுக்கு அவன் சாரம் ஏறினான். அவள் சுண்ணாம்பு சுமந்தாள். நாலாம் வருஷம் சாரம் சரிந்தது. பெத்தனைக் காரைக்குடியிலேயே புதைத்தார்கள்.

ஞாயிறுதோறும் ஒரு புளியமரத்தடியில் உபதேசியார் குருநாதன் ஜெபம் நடத்துவார். யூதர்களின் கதையைத்தான் அடிக்கடி சொல்வார். எருசலேமில் ஆலயம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைபோனது, எழுபது வருஷம் கழித்து ஓர் அந்நிய ராஜாவின் மனசைக் கர்த்தர் ஏவி அவர்களைத் திருப்பி அனுப்பியது. மற்றவர்கள் பாடுவார்கள். பெத்தன் போன பிறகு ராக்காயி வாய் திறந்து பாடியதில்லை.

ஏழாம் வருஷம், அன்று தீ வைக்கச் சொன்ன ஊர்த்தலைவர், அம்பலகாரர் முத்துராமன், வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கம்மாக் கரை ஒடைஞ்சு கெடக்கு, வேலைக்கு ஆளில்ல. வந்துருங்கப்பா. ஒங்க சாமிய நீங்க கும்பிட்டுக்கங்க. யாரும் தடுக்க மாட்டாக.”

வண்டி போனதும் உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா ராக்காயி, கர்த்தர் அவரு மனச அசைச்சிட்டாரு.”

“அசைச்சது கம்மாக் கரைய்யா” என்றாள் அவள். “சரி, கர்த்தருன்னே வச்சுக்குவோம். பாபிலோன்லயே செத்துப்போனவுகளுக்கு அவரு என்ன செஞ்சாரு? அதச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியலம்மா” என்றார் உபதேசியார்.

தெரிந்தவர்போல ஏதாவது சொல்லியிருந்தால் அவள் காரைக்குடியிலேயே இருந்திருப்பாள். அந்தப் பதிலை நம்பித்தான் புறப்பட்டாள்.

ஐந்து குடும்பங்களே கிளம்பின. மகள் சாலா வர மறுத்துவிட்டாள். “மறுபடி கொளுத்துனா எங்குட்டும்மா ஓடுவ?” என்று கேட்டாள். ராக்காயி தன் மூட்டையை மட்டும் கட்டினாள்.

சேரி முள்காடாகிக் கிடந்தது. பழைய கோவில் சுவர் இடுப்பளவு மிஞ்சியிருந்தது. ஏழு மழை கரைத்தும் கரி போகவில்லை. வீடு கட்டுவதற்கு முன்பே கோவிலுக்குக் கடைக்கால் போடுவோம் என்றார் உபதேசியார். ஆண்கள் இரண்டு நாள் தோண்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் முதல் கல்லை இறக்கியதும் எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள்.

ராக்காயி முள்ளை ஒதுக்கிக்கொண்டு பழைய சுவரருகே போனாள். மண்ணை அப்பி வழித்த நாலு விரல்களின் தடம் சுவரில் தீயில் வெந்து அப்படியே இறுகியிருந்தது. அதில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பெத்தனின் பெரிய கை. அங்கேயே உட்கார்ந்து ஓங்கி அழுதாள்.

“நல்ல நாளும் அதுவுமா என்னடி இது?” என்று கூடத் திரும்பி வந்த சோணையம்மாள் அவள் வாயைப் பொத்த வந்தாள்.

“விடு, அழட்டும்” என்றார் உபதேசியார். “எருசலேம்லயும் இப்படித்தான். பழைய ஆலயத்தப் பாத்திருந்தவுக, புது அஸ்திவாரத்தப் பாத்துக் கதறி அழுதாக. வேதம் அத மறைக்கல.”

பாட்டும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. கண்மாய்க் கரையிலிருந்து அம்பலகாரரின் ஆள் ஓடி வந்தான். “என்னய்யா சத்தம்? பாட்டா, எழவான்னு அம்பலம் கேக்குறாக.”

“ரெண்டுந்தான்னு சொல்லு” என்றார் உபதேசியார்.

ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று வருஷமாகக் கடவுளிடம் பேசாதவள், யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: “வந்துட்டோம் சாமி. இந்தச் சுவரக் கட்டுனவரத்தான் காணோம்.”

பிறகு மண் அள்ளும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கால் பள்ளத்தில் இறங்கினாள்.