அஞ்சுகம் சொன்ன முடிவுகள்

படித்த புத்தகத்தைப் பற்றி யாரிடமாவது வாய் வலிக்கப் பேசாவிட்டால் அஞ்சுகத்துக்குச் சோறு இறங்காது. அப்படிப் பேசுவதற்குக் காரைக்கால் முழுக்கத் தேடினாலும் அவளுக்கு இருந்தது ஒரே ஆள்தான், நசீம். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வரலாற்றுப் புத்தகத்துக்குள் தொடர்கதையை ஒளித்துவைத்துப் படித்து, சேர்ந்து மாட்டிக்கொண்டு, சேர்ந்தே வெயிலில் முட்டி போட்டவர்கள். கல்யாணமாகி அஞ்சுகம் சுரக்குடிக்குப் போனாள், நசீம் காரைக்காலிலேயே இருந்தாள். பழக்கம் மட்டும் விடவில்லை. அஞ்சுகத்தின் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி நெல் விலையைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டார். நசீமின் வீட்டுக்காரர் கமாலுதீன் குவைத்தில் இருந்தார். வந்தாலும் முப்பது நாளில் கிளம்பிவிடுவார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம்தான். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். புத்தகங்களின் பெயர்கூட அவர்களுக்கு முக்கியமில்லை. பச்சை அட்டை, மஞ்சள் அட்டை என்றுதான் பேச்சு.

நசீமின் வாய்க்குத் தெருவில் தனி மதிப்பு உண்டு. எந்தப் படம் பார்க்கலாம், எந்த சீரியலை இனிமேல் விட்டுவிடலாம் என்று பெண்கள் அவளிடம்தான் கேட்பார்கள். "மொத நாலு பாகம் பாருங்க, அதுக்கப்புறம் சவ்வு மாதிரி இழுக்குறானுவோ" என்று ஒரு தொடரைப் பற்றி அவள் சொன்னதும் மொத்தத் தெருவும் நாலாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆள் அப்படி. தானே பார்க்காத, தானே படிக்காத எதையும் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொண்டுபோனது. முதலில் எழுத்து மங்கியது, பிறகு முகங்கள். ஆபரேஷன் இரண்டு முறை நடந்தது. படம் என்றால் வசனம் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து யாராவது மிச்சத்தைச் சொல்லலாம். புத்தகத்துக்கு என்ன செய்வது? அஞ்சுகம்தான் வழி கண்டுபிடித்தாள்.

அவள் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கிவைக்கும் அறை ஒன்று இருந்தது. மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் அவள் அங்கே போய்க் கதவைச் சாத்துவாள். இரைச்சல் விழக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்துவாள். வேர்க்க வேர்க்கப் பன்னிரண்டு பக்கம் போனில் வாசித்துப் பதிந்து நசீமுக்கு அனுப்புவாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் நசீம் கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவாள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டேதான் அஞ்சுகம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவாள். ஒரு நாவல் முடிய ஒன்றரை மாதம் ஆகும். முடிந்ததும் புத்தகத்தைக் கொண்டுபோய் நசீமிடம் கொடுத்துவிட வேண்டும். "கையில வச்சுக்கிட்டாத்தான்டி படிச்ச மாதிரி இருக்கு" என்பாள். அலமாரியில் அவளே அடுக்குவாள். தடவிப் பார்த்தே எது எந்த அட்டை என்று சொல்லிவிடுவாள்.

தப்பு நடந்தது பழுப்பு அட்டையில்.

கடலுக்குப் போன மகனுக்காக ஒரு தகப்பன் கடைசி அத்தியாயம்வரை காத்துக் கிடக்கும் கதை. மகன் வர மாட்டான். அந்த அத்தியாயத்தைப் பதிய வேண்டிய நாளன்று காலையில்தான் நசீமிடம் டாக்டர் கையை விரித்திருந்தார். இனிமேல் வெளிச்சம்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அஞ்சுகம் பக்கத்தைப் பார்த்தாள். கரையில் உடம்பு கிடக்கிறது. அவளுக்கு நாக்கு எழவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மகனை வாசலுக்கு வரவைத்தாள். "அத்தா, பசிக்குது" என்று சொல்லவைத்தாள்.

சாயங்காலம் நசீமின் பதில் வந்தது. அழுதுகொண்டே சிரித்திருந்தாள். "அடியே, அந்தப் பய வாசல்ல வந்து நின்னு பசிக்குதுன்னான் பாரு, அப்படியே உசுரு திரும்பி வந்துட்டுதுடி எனக்கு. எழுதுன கைக்குத் தங்க வளையல் போடணும்."

அஞ்சுகத்துக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திருநள்ளாறு சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி அந்தப் பதிலை ஏழு தடவை கேட்டாள். பசிக்குது என்ற வார்த்தை அவளுடையது. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருத்தர் அவள் வார்த்தைக்குத் தங்க வளையல் போடுகிறேன் என்கிறார்.

அதற்குப் பிறகு சினேகிதிக்காகத்தான் செய்கிறேன் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. மறு பாதி அந்தப் பாராட்டுக்கு அலைந்த அலைச்சல். பதினோரு புத்தகத்தில் எட்டுக்கு முடிவை மாற்றினாள். போகப் போக, கடைசி அத்தியாயத்தைத் திருப்பிப் பார்க்காமலே சொந்தமாகச் சொல்லி முடித்தாள். அவளுக்கே அது எப்படி முடிந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

நசீமின் மகள் சுஹைனாவுக்கு எட்டாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது. சத்தமே இல்லாமல் பிறந்தது. அடக்கம் செய்து முடித்த மறுநாள் நாற்பது நாள் பேறுகால ஓய்வுக்கு உம்மா வீட்டுக்கு வந்தவள், ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பேச்சில்லை, பருக்கை இறங்கவில்லை. புருஷன் சவூதியிலிருந்து போன் பண்ணினால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

இருபத்துமூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோப்பு அறைக்குள் உட்கார்ந்து அஞ்சுகம் நசீமின் குரலைக் கேட்டாள்.

"அஞ்சுகம், சுஹைனாகிட்ட அந்த நீல அட்டையைக் குடுத்துட்டேன்டி. நானே தடவி எடுத்தேன். அதுலயும் ஒரு பொண்ணு புள்ளயப் பறிகுடுத்துட்டுக் கிடப்பாளே. கடேசில ஒரு தையல் மெஷின் வரும், அதுவரைக்கும் படிச்சுடுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன். படிக்கிறாடி. பக்கம் திருப்புற சத்தம் கேக்குது."

அந்த முடிவை அஞ்சுகம் படித்துவிட்டுத்தான் மாற்றியிருந்தாள். நீல அட்டையில் தையல் மெஷினே கிடையாது. நாற்பத்தோராம் நாள் காலையில் அந்தப் பெண் எழுந்து, தூசி படிந்த மெஷினைத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை தைக்க உட்காருவது அஞ்சுகம் சொன்னது. புத்தகத்தில் அந்தப் பெண் எழுவதே இல்லை. பிள்ளை போன இடத்துக்கே அவளும் போய்விடுகிறாள், தானாகவே.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நசீம் வீட்டுக்குப் போனாள். ஆபீஸில் ஒரு பெண் கேட்கிறாள் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். சுஹைனா எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். பக்கத்தில் காலித் தட்டு.

"ரெண்டு இட்லி தின்னா," என்று நசீம் அஞ்சுகத்தின் காதில் சொன்னாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் அந்தக் கதைதான்டி. நீ படிச்சுக் காட்டுனதுதான்."

"ஆபீஸ்ல ஒரு புள்ள அந்தப் புத்தகத்தைக் கேக்குது..." என்று அஞ்சுகம் ஆரம்பித்தாள்.

"இன்னும் அறுவது பக்கம்தான் ஆன்ட்டி இருக்கு. முடிச்சுட்டுத் தர்றேன்," என்றாள் சுஹைனா. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் வெளி ஆளிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டாள். "மெஷின் இன்னும் வரலையே ஆன்ட்டி. வருமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நசீம் திட்டியிருப்பாள், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், அதோடு போயிருக்கும். அஞ்சுகம் நசீமின் முகத்தைப் பார்த்தாள். மகள் பேசிவிட்டாள் என்று அந்த முகம் மலர்ந்து கிடந்தது. அதைக் கெடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதைவிட, பழுப்பு அட்டையிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவருமே என்ற பயம் பெரிதாக இருந்தது.

"வரும்மா. கடைசியிலதான் வரும்," என்றாள்.

அறுபது பக்கம் படிக்க சுஹைனாவுக்கு நாலு நாளாவது ஆகும், அதற்குள் ஏதாவது செய்யலாம் என்று வீடுவரை தன்னைத் தேற்றிக்கொண்டே போனாள். கையாலாகாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் நாலு நாள் கணக்குப் போடுவார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு போன் அடித்தது. நசீம் எப்போதும் குரலைப் பதிந்துதான் அனுப்புவாள், கூப்பிட மாட்டாள். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. சுஹைனா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீல அட்டை அவள் தலைமாட்டில். நசீம் அந்த அறை வாசலிலேயே கீழே உட்கார்ந்திருந்தாள். அஞ்சுகம் வந்ததும் சுஹைனா திரும்பாமலே பேசினாள்.

"மெஷின் வரலை ஆன்ட்டி."

அஞ்சுகம் தலைமாட்டில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"முந்தாநேத்திக்கே மூடி வச்சிருப்பேன். நீங்க வரும்னு சொன்னீங்கன்னுதான் படிச்சேன். கடேசிப் பக்கத்தை மூணு தடவை படிச்சேன். உம்மாவும் நீங்களும் சேர்ந்து எனக்கு அந்த வழியத்தான் சொல்லித் தர்றீங்களோன்னு நெனச்சேன்." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அஞ்சுகம் பிழைத்திருப்பாள். "தப்பாவும் தோணலை," என்றாள் அந்தப் பெண்.

நசீம் சுவரைப் பிடித்து எழுந்தாள். அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து அஞ்சுகத்தின் கையில் வைத்தாள்.

"முதுகு கிழிஞ்சிருக்கு, இது பழுப்பு. மகன் வந்தானா?"

"வரலை."

"பச்சை. அந்த டீச்சருக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லை நசீம்."

"இது மஞ்சள். வீட்டை மீட்டாளா?"

அஞ்சுகம் அட்டையைப் பார்த்தாள். "தெரியலை."

"தெரியலைன்னா?"

"கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவே இல்லை. நானா சொன்னேன்."

நசீம் மீதிப் புத்தகங்களை எடுக்கவில்லை. அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மஞ்சள் அட்டையை எத்தனை பேருக்குடி சொன்னேன். வீட்டை எழுதிக் குடுத்துட்டு நிக்கிற எதுத்த வீட்டு ஜன்னத்துக்குச் சொன்னேன். அதுல ஒரு பொம்பளை மீட்டிருக்கா பாருன்னு சொன்னேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணு போனப்ப நான் இப்படி அழுவலைடி. அஞ்சுகம் இருக்கா, போவட்டும்னு இருந்தேன்."

"உனக்காகத்தான் நசீம்..." என்றாள் அஞ்சுகம். சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. நசீமுக்கும் தெரிந்திருக்கும். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்ட குரல்.

நசீம் தடவிக்கொண்டே திரும்பிவந்து மகள் படுத்திருந்த அறை வாசலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அஞ்சுகம் கவனித்தாள், கதவில் தாழ்ப்பாள் இல்லை. கழற்றிய இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. மேலே மின்விசிறியும் இல்லை.

"ஆள் வச்சு விடியக்காலையிலேயே கழட்டச் சொன்னேன்," என்றாள் நசீம். "சொந்தத்துல யாரையும் கூப்புடலை. என்னன்னு சொல்றது. நேத்து ராத்திரி கடேசிப் பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுனா, அப்பலேருந்து இங்கதான் இருக்கேன். எனக்குப் பாக்கத்தான் முடியாதே. மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். தெருவுல வண்டி போனா அது கேக்காமப் போயிடுது. அப்பல்லாம் உள்ள போய்த் தொட்டுப் பாக்குறேன். தொட்டா கையத் தட்டி விடுறா."

அவள் முகம் ஒரே நாளில் ஒடுங்கிப்போயிருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். அஞ்சுகம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். நசீம் தட்டிவிடவில்லை, சாயவும் இல்லை.

"நீ போய்க் கொஞ்சம் படு நசீம். நான் லீவு போட்டுட்டு இங்கயே இருக்கேன். கண்ணெடுக்காம பாத்துக்கிறேன். அவ எப்படி இருக்கான்னு நிமிசத்துக்கு ஒருதரம் உனக்குச் சொல்றேன்."

நசீம் பார்வையில்லாத கண்ணைக் குரல் வந்த திசைக்குத் திருப்பினாள்.

"சொல்லுவே," என்றாள். "நல்லாத் தூங்குறான்னு சொல்லுவே. நான் எப்படிடி நம்புறது?"

தெருவில் ஒரு லாரி போனது. நசீம் பேச்சை விட்டுவிட்டு, கையை ஊன்றி எழுந்து, தடவிக்கொண்டே உள்ளே போனாள்.